ஃபுட்பால் மைதானத்துக்கு அடியில் உலகின் முதல் அணு உலை... சிகாகோ பல்கலைக்கழக அணிகளை உருவாக்கிய ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் யார்?

1942 டிசம்பர் 2. அமெரிக்காவின் சிகாகோ நகரம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பல்கலைக்கழக ஃபுட்பால் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்க ஸ்டாண்டுக்கு அடியில், ராக்கெட் விளையாட்டுக்காகக் கட்டிய ஒரு கூடத்தில், கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் கூடியிருந்தார்கள். தலைமை, என்ரிகோ ஃபெர்மி. அன்று பிற்பகல் 3.25 மணிக்கு, மனிதன் கட்டிய அணு உலையில் முதல் முறையாகத் தொடர்வினை தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் நிலையை எட்டியது. அணு யுகம் பிறந்தது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கு. நாட்டின் மிகப் பெரிய ரகசிய ஆராய்ச்சியை நடத்தும் அளவுக்கு, நகரத்தின் நடுவே இருந்த ஒரு பெரிய ஸ்டேடியம் ஏன் வெறிச்சோடிக் கிடந்தது? ஒரு காலத்தில் டிக்கெட்டுக்கு அடிதடி நடந்த இடம் ஆச்சே அது?

பதில், அந்த மைதானத்தின் பெயரிலேயே இருக்கு. அதன் பெயர் ஸ்டாக் ஃபீல்டு. ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற மனிதர் 41 வருடம் நின்று ஆட்களை உருவாக்கிய இடம் அது. அவர் கட்டிய அணிகள் எப்படி எழுந்தன, எப்படி விழுந்தன, பிறகு எப்படித் திரும்பி வந்தன? விரிவாகப் பார்ப்போம்.

வார்சிட்டி அணி என்றால் என்ன?

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி, மற்ற பல்கலைக்கழகங்களோடு மோதுகிற முதன்மை அணியைத்தான் வார்சிட்டி அணி என்பார்கள். அதில் இடம்பிடிக்கும் மாணவருக்குப் பல்கலைக்கழகத்தின் முதலெழுத்து தைத்த ஸ்வெட்டர் கிடைக்கும். பணத்தைவிடப் பெரிய மரியாதை அது.

இன்னொன்று. இங்கே ஃபுட்பால் என்று சொல்வது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், எதிரணி அவரைப் பாய்ந்து மடக்குவதுமாக நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பால்.

செருப்புத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை

ஸ்டாக் பிறந்தது 1862 ஆகஸ்ட் 16-ல், நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. வீட்டில் வறுமை. மேல்படிப்புக்காகப் பிலிப்ஸ் எக்ஸெட்டர் என்ற பள்ளிக்குப் போனபோதும், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும் வேலை செய்துகொண்டேதான் படித்தார். வயிற்றைக் கட்டித்தான் காலம் தள்ளினார்.

யேலில் அவர் படிக்கப் போனது இறையியல். பாதிரியார் ஆவதுதான் லட்சியம். ஆனால் கையில் பேஸ்பால் பந்து வந்ததும் கதை மாறியது. யேல் அணியின் நட்சத்திரப் பந்து வீச்சாளர் ஆனார். தொழில்முறை அணிகள் வலைவீசின. நியூயார்க் அணி 4,200 டாலர் வரை தரத் தயாராக இருந்தது. செருப்புத் தொழிலாளி வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டாக் மறுத்துவிட்டார். காசுக்காக விளையாடுவது விளையாட்டைக் கெடுக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்தக் கால பேஸ்பால் மைதானங்களில் மதுக்கடைகள் இருந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஃபுட்பாலிலும் அவர் சாதாரண ஆள் இல்லை. 1889-ல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் தலைசிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

பாதிரியார் ஆகாதது ஏன்?

காரணம் எளிமையானது. அவருக்குப் பேச வரவில்லை. மேடையில் ஏறினால் வார்த்தை தடுமாறியது. பிரசங்கம் செய்ய லாயக்கில்லாதவன் என்று தனக்குத்தானே முடிவு கட்டி, மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். பிரசங்க மேடையில் செய்ய முடியாததை மைதானத்தில் செய்வது என்று தீர்மானித்தார். இளைஞர்களை நல்வழிப்படுத்தும் ஊழியம்தான் கோச் வேலை என்று கடைசிவரை நம்பினார். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், கெட்ட வார்த்தை வாயில் வராது. கோபம் தலைக்கேறினால் வீரர்களைக் கழுதை என்று திட்டுவார். அதுதான் அவருடைய உச்சபட்ச வசவு.

அதே பள்ளியில் அவரோடு இருந்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். ஆம், 1891 டிசம்பரில் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தவர்தான். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் பாஸ்கெட்பால் ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் மோதினார்கள். மாணவர்கள் 5-1 என்று ஜெயித்தார்கள். ஆசிரியர்கள் போட்ட அந்த ஒரே கூடை ஸ்டாக் போட்டது.

நமக்கும் இந்தப் பள்ளிக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி குரோ பக், பிற்காலத்தில் இதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று வந்தவர்தான்.

ஹார்ப்பர் போட்ட கணக்கு

இந்த இடத்தில் இரண்டாவது முக்கியமான ஆள் வருகிறார். வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். யேலில் ஸ்டாக்குக்குப் பாடம் எடுத்த பேராசிரியர். எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் கொடுத்த பணத்தில் சிகாகோவில் ஒரு புதிய பல்கலைக்கழகம் உருவானபோது, அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் இவர்தான்.

ஹார்ப்பருக்கு ஒரு சிக்கல். ஹார்வர்டு, யேல் எல்லாம் நூற்றாண்டுகள் பழசு. நேற்றுப் பிறந்த பல்கலைக்கழகத்தை நாடு எப்படித் திரும்பிப் பார்க்கும்? நல்ல பேராசிரியர்களை அதிக சம்பளம் கொடுத்து இழுத்தார். கூடவே, ஊர் ஊராகப் போய் ஜெயித்து வரும் ஒரு விளையாட்டு அணியும் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அதற்கு அவர் மனதில் இருந்த ஒரே ஆள் ஸ்டாக்.

முதலில் 1,500 டாலர் தருவதாகச் சொன்னார். ஸ்டாக் உடனே தலையாட்டவில்லை. கடைசியில் முடிவானது 2,500 டாலர். சம்பளத்தைவிட முக்கியமானது கூடவே வந்த பதவி. உடற்கல்வித் துறையின் இயக்குநர், இணைப் பேராசிரியர், அதுவும் நிரந்தர வேலை.

இது ஏன் பெரிய விஷயம்? அந்தக் காலத்தில் கோச் என்றால் சீசனுக்கு வந்து போகும் ஆள். பழைய மாணவர் யாராவது சில வாரம் வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். வரலாறு, வேதியியல் பேராசிரியர்களுக்குச் சமமான நாற்காலியில் ஒரு கோச்சை உட்கார வைத்தது அன்று புதுசு. தோற்றாலும் வேலை போகாது என்ற தைரியம் ஸ்டாக்குக்குக் கிடைத்தது. தன் துறைக்கு வரும் டிக்கெட் பணத்தை எதில் செலவழிப்பது என்பதிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. அவருடைய பலம் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது. பின்னால் வந்த பிரச்சினைக்கும் இதுதான் வேர்.

ஆள் பத்தாத அணி

1892 அக்டோபர் 1-ல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தது. கட்டடங்கள்கூட முழுசாக முடியவில்லை. ஸ்டாக் அப்போதே பயிற்சியைத் தொடங்கிவிட்டார். அணிக்கு ஆள் பத்தவில்லை. அதனால் 30 வயது கோச்சே ஜெர்சி போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார். அப்போது விதிகள் அவ்வளவு இறுக்கம் இல்லை என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மைதானத்துக்கான நிலத்தைக் கொடுத்தவர் சிகாகோவின் பெரிய வணிகர் மார்ஷல் ஃபீல்டு. அதனால் மைதானத்துக்கும் மார்ஷல் ஃபீல்டு என்றே பெயர். அதுதான் பின்னாளில் ஸ்டாக் ஃபீல்டு ஆனது. வேலியை ஸ்டாக்கும் மாணவர்களும் சேர்ந்தே அடித்தார்கள்.

1894-ல் பல்கலைக்கழகத்தின் நிறம் மஞ்சளிலிருந்து அரக்குச் சிவப்புக்கு மாறியது. அணிக்கு மரூன்ஸ் என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதே வருடக் கடைசியில் அணியை ரயிலில் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா போனார் ஸ்டாக். கிறிஸ்துமஸ் அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு அணியோடு ஆட்டம். நாட்டின் குறுக்கே பாதித் தூரம் போய் ஒரு கல்லூரி அணி விளையாடுவது அன்று கேள்விப்படாத விஷயம். இரண்டே வயதான பல்கலைக்கழகத்தின் பெயர் மேற்குக் கடற்கரைவரை பத்திரிகைகளில் அடிபட்டது. ஹார்ப்பர் போட்ட கணக்கு பலித்தது.

அதே 1894-ல் ஸ்டெல்லா ராபர்ட்சன் என்ற மாணவியை ஸ்டாக் திருமணம் செய்துகொண்டார். கிட்டத்தட்ட 70 வருட இல்லறம். ஸ்டெல்லா வெறுமனே வீட்டில் இருந்தவர் இல்லை. ஆட்டங்களைக் கவனித்துக் குறிப்பெடுத்து, எதிரணி எப்படி ஆடுகிறது என்று கணவருக்குப் படம் போட்டுக் கொடுத்தவர்.

ஃபுட்பால் மட்டுமா?

இல்லை. பேஸ்பால், தடகளம், பாஸ்கெட்பால் என்று எல்லாவற்றிலும் சிகாகோ அணிகள் வளர்ந்தன. 1896 ஜனவரியில் அயோவா நகரில், பக்கத்துக்கு ஐந்து பேர் என்ற முறையில் நடந்த பாஸ்கெட்பால் ஆட்டத்தில் சிகாகோ 15-12 என்று வென்றது. இன்றைய ஐவர் ஆட்டத்தின் முதல் கல்லூரி மோதலாகச் சொல்லப்படுவது இதுதான். 1907 முதல் 1910 வரை நான்கு வருடமும், தனியாகவோ பகிர்ந்தோ, கான்ஃபரன்ஸ் பாஸ்கெட்பால் பட்டம் சிகாகோவிடம்தான் இருந்தது. அந்த அணியின் கோச் ஜோசஃப் ரேக்ராஃப்ட். 1910-ல் பேஸ்பால் அணி ஜப்பானின் வசேடா பல்கலைக்கழக அழைப்பில் அங்கே போய் விளையாடியது.

தடகள அணியை ஸ்டாக் நேரடியாகவே பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியளித்தவர்களில் அவரும் ஒருவர்.

பெண்களின் நிலை என்ன? 1898 முதல் 1935 வரை பெண்கள் உடற்கல்வியை நடத்தியவர் கெர்ட்ரூடு டட்லி. மாணவிகள் பாஸ்கெட்பால், ஹாக்கி என்று ஆடினார்கள். ஆனால் ஆண்கள் அணிக்குக் கிடைத்த மைதானமும் பணமும் பத்திரிகைப் பக்கமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஸ்டாக்கின் சாம்ராஜ்யத்தில் அது ஒரு தனி மூலை.

1896-ல் இன்னொரு பெரிய விஷயம் நடந்தது. சிகாகோ, மிச்சிகன், இல்லினாய், விஸ்கான்சின், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ என்று ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அணிகளைப் பேராசிரியர்களின் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதுதான் நோக்கம். இன்று பிக் டென் என்று கோடிக்கணக்கான டாலர் புரளும் அமைப்பு அதுதான். அதில் ஏழு முறை ஃபுட்பால் பட்டம் வென்றது ஸ்டாக்கின் அணி.

1905: வெற்றியும் கறையும் ஒரே மாதத்தில்

ஸ்டாக்கின் வாழ்க்கையில் 1905 நவம்பரைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை புரிந்துவிடும்.

அந்த மாதக் கடைசியில், நன்றி அறிவிப்பு நாளில், சிகாகோவும் மிச்சிகனும் மோதின. மிச்சிகன் அதற்கு முன் 56 ஆட்டங்களாகத் தோற்றதே இல்லை. 25,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். மொத்த ஆட்டத்திலும் விழுந்த புள்ளிகள் வெறும் 2. மிச்சிகன் வீரரை அவருடைய சொந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னால் மடக்கியதில் கிடைத்தவை அவை. சிகாகோ 2, மிச்சிகன் 0. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஹார்ப்பர் பார்த்த கடைசி சீசன் அது. 1906 ஜனவரியில் அவர் இறந்துபோனார்.

இதே நவம்பரில் கோலியர்ஸ் என்ற பிரபல வார இதழ் ஒரு தொடரை வெளியிட ஆரம்பித்தது. மத்திய மேற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எப்படி வெற்றியை விலைக்கு வாங்குகின்றன என்பதுதான் பொருள். அதில் முதலில் சிக்கியது சிகாகோ. அணியின் உச்ச நட்சத்திரம் வால்டர் எக்கர்சால் சேர்க்கைக்குத் தேவையான பள்ளிப் பாடங்களையே முடிக்காமல் உள்ளே வந்தவர் என்பது வெளியானது. மைதானத்தில் அவருக்கு நிகர் இல்லை. வகுப்பறையிலோ அவர் பேருக்குத்தான் மாணவர். கடைசியில் பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்.

காசுக்கு விளையாட மாட்டேன் என்று 4,200 டாலரைத் தள்ளியவர் ஸ்டாக். ஒழுக்கத்தின் உருவம் என்று பெயர் எடுத்தவர். அவருடைய துறையிலேயே இது நடந்தது எப்படி? நகரத்தின் பள்ளிகளுக்கிடையே பெரிய போட்டிகள் நடத்தி நல்ல விளையாட்டு வீரர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அறிமுகப்படுத்தியதே அவர்தான். ஜெயிக்கும் அணி வேண்டும், நிறையப் பேர் வரும் மைதானம் வேண்டும், ஆனால் எல்லாம் சுத்தமாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து நிற்பது லேசில்லை. ஸ்டாக் கெட்டவர் இல்லை. அவர் கட்டிய இயந்திரத்துக்கு எக்கர்சால் மாதிரி ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த வருடம் இன்னொரு அதிர்ச்சியும் இருந்தது. நாடு முழுக்க ஃபுட்பால் ஆடி அந்த சீசனில் சுமார் 18 பேர் இறந்தார்கள் என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. கூட்டமாகச் சேர்ந்து மோதித் தள்ளுவதுதான் அப்போதைய ஆட்ட முறை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே வெள்ளை மாளிகைக்கு ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்களை அழைத்துப் பேச வேண்டிய நிலை.

1906-ல் விதிகள் மாறின. பந்தை முன்னால் எறிந்து கொடுப்பது அனுமதிக்கப்பட்டது. விதிக் குழுவில் உறுப்பினராக இருந்த ஸ்டாக் அந்த மாற்றத்தை உடனே பயன்படுத்திக்கொண்ட கோச்களில் ஒருவர். கூட்டமைப்பும் கட்டுப்பாடுகளைப் போட்டது. சீசனுக்கு ஐந்தே ஆட்டங்கள். முதலாண்டு மாணவர்கள் ஆடக் கூடாது. ஒருவர் மூன்று வருடம்தான் ஆடலாம். ஆனால் சில வருடங்களிலேயே ஆட்டங்களின் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது. பார்க்கக் கூட்டம் இருக்கும்போது யார் நிறுத்துவார்கள்?

சரிவு தொடங்கியது எப்படி?

1922-ல் பிரின்ஸ்டன் அணி சிகாகோவுக்கு வந்தது. அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனை தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்வரை போனது. அவ்வளவு தூரத்துக்கு ஒரு ஃபுட்பால் ஆட்டம் ஒலிபரப்பானது அதுதான் முதல் முறை. சிகாகோ 18-21 என்று தோற்றது. 1924-ல் கடைசியாகக் கான்ஃபரன்ஸ் பட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஃபுட்பாலில் ஒரு பட்டம்கூட வரவில்லை.

ஏன்? காரணம் ஒன்றல்ல. பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல மடங்கு பெரிதாகிவிட்டன. மிச்சிகன், இல்லினாய், ஒஹாயோ எல்லாம் அசுர அளவில் ஸ்டேடியம் கட்டின. அங்கே உடற்கல்வி, வணிகம் என்று விளையாட்டு வீரர்களுக்குத் தோதான படிப்புகள் இருந்தன. சிகாகோவோ ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக உயர்ந்துகொண்டே போனது. இளங்கலை மாணவர்கள் குறைவு, பாடங்கள் கடினம். அணிக்கு ஆள் கிடைப்பதே பாடாகிவிட்டது. நகரத்தில் பேர்ஸ் என்ற தொழில்முறை அணி வேறு வந்து ரசிகர்களை இழுத்தது. ஒரு காலத்தில் சிகாகோ பல்கலைக்கழக அணிக்கு வழங்கிய மிட்வே அசுரர்கள் என்ற பட்டப்பெயர்கூடப் பின்னாளில் அந்த பேர்ஸ் அணிக்கே போய்விட்டது.

ஸ்டாக்கும் மாறவில்லை. வீரர்களைத் தேடிப் போய் வலைவீசும் புதுக் காலத்துக் கோச் ஆக அவர் விரும்பவில்லை.

70 வயசு ஆச்சு, கிளம்புங்க

1929-ல் ராபர்ட் ஹட்சின்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார். வயது 30. வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை, பெரிய தேர்வில் தேறினால் போதும் என்று பாடத் திட்டத்தையே புரட்டிப் போட்டவர். பல்கலைக்கழகம் படிப்புக்கு மட்டும்தான் என்பது அவர் கொள்கை.

1932-ல் ஸ்டாக்குக்கு 70 வயது முடிந்தது. ஓய்வு வயது விதியைக் காட்டி அவரைக் கோச் பதவியிலிருந்து விலகச் சொன்னார்கள். ஆலோசகர் மாதிரி ஒரு வேலை தருகிறோம், சம்பளமும் உண்டு என்றார்கள். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க ஸ்டாக் தயாராக இல்லை. 41 சீசன்களுக்குப் பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு, கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரில் இருந்த பசிஃபிக் கல்லூரி என்ற சின்னக் கல்லூரிக்குக் கோச்சாகக் கிளம்பினார்.

அவர் போன பிறகும் சிகாகோவில் ஒரு மின்னல் அடித்தது. பெயர் ஜே பெர்வாங்கர். 1935-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட கோப்பை அவருக்குத்தான் கிடைத்தது. அடுத்த வருடம் ஹைஸ்மன் என்று பெயர் மாறிய அந்தக் கோப்பைதான் இன்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருது. 1936-ல் தொழில்முறை அணிகள் நடத்திய முதல் வீரர் தேர்விலும் முதல் பெயர் பெர்வாங்கர்தான். ஆனாலும் தொழில்முறை ஃபுட்பாலில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மிச்சிகனுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் அவரை மடக்கப் போய் முகத்தில் தழும்பு வாங்கிக்கொண்ட எதிரணி வீரர் யார் தெரியுமா? பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜெரால்டு ஃபோர்டு.

ஆனால் ஒரு பெர்வாங்கரால் என்ன செய்துவிட முடியும்?

சொந்த மைதானத்தில் எதிரணி கோச்

1938 நவம்பர் 12. ஸ்டாக் ஃபீல்டுக்கு விருந்தாளி அணியாக வந்தது பசிஃபிக் கல்லூரி. அதன் கோச், 76 வயதான ஸ்டாக். தன் பெயர் தாங்கிய மைதானத்தில், தான் பெற்று வளர்த்த அணிக்கு எதிராக, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். முடிவு: பசிஃபிக் 32, சிகாகோ 0. பழிவாங்கும் சந்தோஷம் தரும் ஸ்கோர் மாதிரி தெரியலாம். ஆனால் தன் பிள்ளை எவ்வளவு இளைத்துப் போயிருக்கிறது என்பதை நேரில் பார்த்த நாளும் அதுதான்.

அடுத்த வருடம் இன்னும் மோசம். மிச்சிகனிடம் 0-85. ஹார்வர்டிடம் 0-61. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 0-61. இல்லினாயிடம் 0-46. பெர்வாங்கர் கோப்பை வாங்கி வெறும் நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

1939 டிசம்பரில் பல்கலைக்கழக அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். இனி ஃபுட்பால் இல்லை. மாணவர்கள் கொதித்தார்கள், பழைய மாணவர்கள் கொதித்தார்கள். ஆனால் ஹட்சின்ஸ் அசையவில்லை. அவருடைய வாதம் தெளிவானது. ஒன்று, மற்றவர்களைப் போல வீரர்களை வாங்கி ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் வாரா வாரம் அவமானப்பட வேண்டும். இரண்டும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேண்டாதது. 1946-ல் பிக் டென் அமைப்பிலிருந்தும் சிகாகோ முழுமையாக வெளியேறியது. அதை உருவாக்கிய ஏழு பேரில் ஒருவரே வாசலைத் தாண்டி வெளியே போனார்.

காலியான ஸ்டாண்டும் ஃபெர்மியும்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். ஃபுட்பால் நின்றதால் ஸ்டாக் ஃபீல்டின் பெரிய ஸ்டாண்டுகளுக்கு வேலையில்லாமல் போனது. அணு உலையை நகரத்துக்கு வெளியே ஆர்கான் காட்டுப் பகுதியில்தான் கட்டத் திட்டம். அங்கே தொழிலாளர் பிரச்சினையால் கட்டட வேலை தாமதமானது. போர்க்கால அவசரம். அதனால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, மேற்கு ஸ்டாண்டுக்கு அடியில் இருந்த கூடத்தில் ஃபெர்மி குழு உலையைக் கட்டி முடித்தது. ஹட்சின்ஸ் விரும்பிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், ஸ்டாக் கட்டிய விளையாட்டு மைதானத்துக்கு அடியில் தன் மிகப் பெரிய சாதனையைச் செய்தது. அதன் தொடர்ச்சியாக வந்த அணுகுண்டு, ஹிரோஷிமா, நாகசாகி என்று உலகத்தையே உலுக்கியது வேறு கதை.

அன்று கலிஃபோர்னியாவில் 80 வயது ஸ்டாக் கோச்சாகவே இருந்தார். அடுத்த வருடம், 1943-ல், 81 வயதில், நாட்டின் சிறந்த கல்லூரி கோச் என்ற விருதைச் சக கோச்கள் அவருக்குக் கொடுத்தார்கள். 84 வயதில் பசிஃபிக் கல்லூரியும் ஓய்வு கொடுக்க நினைத்தது. மறுபடி பெட்டியைக் கட்டினார். பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த மகனுக்குத் துணையாகப் போனார். பிறகு ஸ்டாக்டனுக்கே திரும்பி, அங்கே ஜூனியர் கல்லூரி மாணவர்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக் கொடுத்தார். மைதானத்தை விட்டபோது வயது 98.

தலைமைக் கோச்சாக அவர் பெயரில் பதிவான ஃபுட்பால் வெற்றிகள் 314. 1951-ல் கல்லூரி ஃபுட்பால் புகழ்க் கூடத்தில் வீரர், கோச் என்று இரண்டு தகுதியிலும் இடம். 1959-ல் பாஸ்கெட்பால் புகழ்க் கூடத்தின் முதல் பட்டியலிலும் இடம். 1964-ல் மனைவி ஸ்டெல்லா இறந்தார். அடுத்த வருடமே, 1965 மார்ச் 17-ல், 102 வயதில் ஸ்டாக் காலமானார்.

மரூன்ஸ் திரும்பி வந்தது எப்படி?

ஸ்டாக் பார்க்காமல் போன ஒன்று இருக்கு. 1960-களில் மாணவர்கள் சிலர் கிளப் மாதிரி ஃபுட்பாலை மறுபடி ஆரம்பித்தார்கள். 1963-ல் அதை எதிர்த்து வேறு சில மாணவர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். பழைய பேய் திரும்பி வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனாலும் 1969-ல் ஃபுட்பால் மறுபடி வார்சிட்டி விளையாட்டு ஆனது. 30 வருட இடைவெளி முடிந்தது.

ஆனால் இது பழைய ஃபுட்பால் இல்லை. இன்று சிகாகோ ஆடுவது மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஸ்டாண்டு நிறையக் கூட்டம் வராது. தொலைக்காட்சி உரிமைக் கோடிகள் இல்லை. வகுப்பு முடித்துவிட்டு வந்து விளையாடும் மாணவர்கள்தான் அணி. அந்தப் பிரிவின் ஃபுட்பால் சாம்பியனை முடிவு செய்யும் இறுதி ஆட்டத்துக்கு 1973 முதல் ஸ்டாக் பௌல் என்று பெயர்.

பழைய ஸ்டேடியத்தை 1957-ல் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் நிற்பது பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம். உலை இருந்த இடத்தில் சிற்பி ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் நிற்கிறது. கொஞ்ச தூரம் தள்ளி, கட்டடங்களுக்கு நடுவே ஒரு சின்ன மைதானம். அதற்கும் பெயர் ஸ்டாக் ஃபீல்டுதான்.

விளையாட்டு பல்கலைக்கழகத்துக்கு வேண்டாம் என்றார் ஹட்சின்ஸ். அதுதான் இளைஞர்களைச் செதுக்கும் என்றார் ஸ்டாக். சிகாகோ கடைசியில் வந்து நின்றது இருவருக்கும் நடுவே: அணி உண்டு, அதை விற்பது இல்லை. காசுக்கு ஆட மாட்டேன் என்று சொன்ன அந்தப் பழைய யேல் மாணவர் உயிரோடு இருந்து, கூட்டமில்லாத இந்தச் சின்ன மைதானத்தைப் பார்த்திருந்தால், மாணவர்களோடு சேர்ந்து வேலி அடித்த முதல் வருடம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம்.